வயிற்றுவலியும் இரத்தப் பரிசோதனையும்

(செங்கற்பட்டில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



வயிற்றுவலி வந்தால் நம் மக்கள் முன்வினை என்கிறார்கள், செய்வினை என்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள். சூலை நோயைக் கடவுளே கொடுத்து, கடவுளே தீர்த்தார் என்று புராணம் கேட்டு வளர்ந்தவர்களல்லவா நாம்!

காரணம் என்னவென்று கேட்டவர்கள் கண்டதைச் சொல்லுகிறேன். இரைப்பையின் கீழ்ப்பாகத்திலிருந்து ஒரு வஸ்து இரத்தத்தில் கலந்து, அமிலம் சுரக்கும்படி இரைப்பையைத் தூண்டுகிறது என்று 1905-ல் லண்டனில் எட்கின்ஸ் என்பவர் சொன்னார். காஸ்ட்ரின் என்று அதற்குப் பெயரிட்டார். பலர் நம்பவில்லை. 1964-ல் லிவர்பூலில் கிரெகரியும் டிரேசியும் பன்றியின் இரைப்பையிலிருந்து அதைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். இதற்கிடையில், 1955-ல் அமெரிக்காவில் ஜாலிங்கர், எல்லிசன் என்ற இரு டாக்டர்கள், திரும்பத் திரும்பக் குடற்புண் வந்த இரண்டு நோயாளிகளின் கணையத்தில் கட்டி இருப்பதைக் கண்டு எழுதினார்கள். அத்தகைய கட்டி காஸ்ட்ரினைக் கணக்கில்லாமல் சுரக்கிறது என்பது பிறகு தெரிந்தது. இதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த இரத்தப் பரிசோதனை.

ஆனால், தோழர்களே, அந்தக் கட்டி மிக அபூர்வம். நம் தென்னாட்டில் குடற்புண் வெகு சாதாரணம். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் என்னும் டாக்டர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இதற்காக எத்தனையோ பேருக்கு ஆப்பரேஷன் செய்தார். இப்புண்ணில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒரு கிருமியும் வலி மாத்திரைகளுமே. கிருமியை 1982-ல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் வளர்த்துக் காட்டினார்கள். சில வார மருந்தில் அது ஒழியும்.

மாமல்லபுரத்துச் சிற்பத் தொழிலாளித் தோழர் ஒருவர் என்னிடம் ஒரு பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவந்தார். காஸ்ட்ரின் சாதாரணமாக ஒரு மில்லி இரத்த நீரில் 100 பிகோகிராமுக்குள் இருக்கும். அதாவது, ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்கு செய்தால் அதில் நூறு பங்கு. இவருக்கு அதைப்போல் மூன்று மடங்கு. கட்டிதான் என்று பயந்து, மனைவியின் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். மாதக்கணக்காக அவர் அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டு வந்ததை ஒருவரும் கேட்கவில்லை! அமிலம் குறைந்தால் காஸ்ட்ரின் ஏறும். அது உடம்பின் இயல்பு. விவரமறிந்த டாக்டர் ஒருவர் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்தி, வெறும் வயிற்றில் மறுபடி பார்த்ததில் அளவு சரியாயிருந்தது. நகையும் வீட்டிலேயே இருந்தது.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உண்மையிலேயே கட்டி இருப்பவருக்கு அது ஆபத்தாய் முடியும். மலம் கறுத்துப் போனாலும், இரத்த வாந்தி வந்தாலும் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1965 முதல் இந்தச் செங்கற்பட்டிலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆகவே, தோழர்களே, பூசாரியைக் கேள்வி கேட்டது போலவே டாக்டரையும் கேளுங்கள். இந்தச் சோதனை எதற்கு? நான் சாப்பிடும் மருந்து இதை மாற்றுமா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேளாமல் நம்பினால், அந்தச் சீட்டும் இன்னொரு தாயத்தாகிவிடும் என்று சொல்லி, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.