மேடையில் பதிந்த இசை



இசைப்பதிவு இரு வகைப்படும். ஒலிப்பதிவு நிலையத்தின் கதவுகளை அடைத்துக்கொண்டு, ஒரே பாட்டைப் பலமுறை பாடி, அவற்றுள் சிறந்ததைத் தெரிந்தெடுத்து அமைப்பது ஒரு வகை. மக்கள் கூடிய அரங்கில் ஒரே முறை நிகழ்ந்ததை, நிகழ்ந்தவாறே பதிவது மற்றொரு வகை. முன்னதில் குறைகள் களையப்படும்; பின்னதில் நிறையோடு குறையும் உடன் நிற்கும். குறையுள்ள பதிவை நாம் ஏன் போற்றிக் காக்கவேண்டும்? இவ்வினாவை இன்று சிறிது ஆராய்வோம்.

அணுசக்தி நகரில் வாழும் நேயர்களுக்கு இவ்வினா புதியதன்று. திராம்பே மலைக்கு அருகே, பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சார்ந்து எழுந்த குடியிருப்பு அது. ஆய்வுக்கூடத்தில் இரு வகை எழுத்து உண்டு என்பதை அங்குள்ளோர் நன்கறிவர். ஒன்று, ஆராய்ச்சி இதழில் வெளிவரும் கட்டுரை. மற்றொன்று, சோதனை நடக்கும்போதே கைப்பட எழுதப்பெறும் குறிப்பேடு. கட்டுரையில் முடிந்த முடிபு மட்டும் ஒழுங்குற நிற்கும். குறிப்பேட்டிலோ, தவறாகக் குறித்த அளவையும் சுரண்டி அழித்தல் கூடாது; அதன்மேல் ஒரு கோடு இழுத்து, கீழே இருப்பது படிக்கத் தெரியுமாறு விட்டு, திருத்தியதைப் பக்கத்தில் எழுதவேண்டும் என்பது மரபு. நிலையத்துப் பதிவைக் கட்டுரை என்றால், மேடைப் பதிவைக் குறிப்பேடு எனலாம்.

இக்கருத்தை விளக்க, மேலைநாட்டு இசைக்குழு ஒன்றின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் 'பங்க்' என்னும் முரட்டு இசை எழுந்தது. அதன் வேகத்தை ஏற்று, வேறு நாட்டு இசைகளையும் அதனோடு கலந்து பாடிய இளைஞர்களின் இசைக்குப் 'புதிய அலை' என்று பெயரிட்டனர். அவ்வலையில் மேலெழுந்த குழுக்களுள் ஒன்று, 1977-ல் லண்டனில் தோன்றிய 'தி போலீஸ்'. பாடுபவரும் பாஸ் கிதார் இசைப்பவரும் ஸ்டிங். கிதார் ஆண்டி சம்மர்ஸ். டிரம்ஸ் ஸ்டூவர்ட் கோப்லண்ட். ஆக மூவரே.

இவர்கள் கலந்துகொண்டது ஜமைக்காத் தீவின் 'ரெகே' இசையை. அதன் இயல்பை நம் தாள வழக்கிலேயே விளக்கலாம். நான்கு எண்ணிக்கையில் தட்டு விழும் இடங்களில் கிதார் வாய்மூடி நிற்கும். ஒவ்வொரு தட்டுக்கும் அரை இடம் தள்ளிச் சுருக்கென்று ஒலிக்கும். அரை இடம் தள்ளி எடுப்பு அமைந்த கீர்த்தனைகளைக் கேட்டுப் பழகிய செவிக்கு, அந்த ஏக்கமும் இழுப்பும் எளிதில் விளங்கும். மூவர் மட்டுமே இசைப்பதால் எழும் இடைவெளிகளைச் சம்மர்ஸ் எதிரொலிக் கருவி ஒன்றின் துணைகொண்டு நிரப்பினார். சில இடைவெளிகளை நிரப்பாமலும் விட்டார். அவர்களது இசையின் அழகில் பாதி அந்த வெற்றிடத்தில் இருக்கிறது.

1980 மார்ச்சில், அந்நாளில் பம்பாய் என்றழைக்கப்பெற்ற இம்மாநகருக்கே இவர்கள் வந்து இசைத்தனர். மேலைநாட்டு ராக் குழுக்கள் இந்தியாவுக்கு வருவது அரிதாயிருந்த காலம் அது. பின்னர் அவர்களது புகழ் மிக உயர்ந்தது. 1983-ல் வெளியான ஒரு பாட்டு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 8 வாரம் முதலிடத்தில் நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் 70,000 பேர் அளவில் திரண்டு இவர்களைக் கேட்டனர்.

அப்புகழுக்குக் காரணமான 'சின்க்ரோனிசிட்டி' என்னும் தொகுப்பு எவ்வாறு பதிவாயிற்று என்பது அறியத்தக்கது. கரிபியன் கடலில் உள்ள மான்செராட் தீவின் ஒலிப்பதிவு நிலையத்தில் அது உருவாயிற்று. மூவரும் ஓர் அறையில் அமர்ந்து இசைக்கவில்லை. கோப்லண்டின் டிரம்ஸ் உணவுக்கூடத்தில்; ஸ்டிங் ஒலிக்கட்டுப்பாட்டு அறையில்; சம்மர்ஸ் மட்டும் நிலையத்தின் கூடத்தில். ஒலித்தெளிவு கருதியும், ஒருவரோடொருவர் மனம் ஒவ்வாமை கருதியும் செய்த ஏற்பாடு அது. தட்டில் கேட்கும்போது மூவரும் ஒன்றியிருப்பதாகவே தோன்றும். அவ்வொற்றுமை ஒலிக்கலவையில் பிறந்தது. இதில் பொய் ஏதுமில்லை; கட்டுரை எழுதுவதில் உள்ள கலை இதிலும் உண்டு. ஆனால் அம்மூவரும் ஒருவர்க்கொருவர் செவி கொடுத்தபோது என்ன நேர்ந்தது என்பதை அத்தட்டு நமக்குச் சொல்லாது.

அதைச் சொல்வது 1995-ல் வெளிவந்த மேடைப் பதிவு. ஆண்டி சம்மர்ஸ் தயாரித்தளித்த அத்தொகுப்பில் இரு வட்டுகள் உள்ளன. முதலாவது, 1979 நவம்பர் 27 அன்று பாஸ்டன் நகரின் ஆர்ஃபியம் என்னும் நாடக அரங்கில் வானொலிக்கெனப் பதிவானது. இரண்டாவது, 1983 நவம்பரில் அட்லாண்டா நகரின் ஓம்னி என்னும் பேரரங்கில் பதிவானது. இரண்டுக்கும் இடையே நான்கு ஆண்டுகள். முன்னது ஏறுமுகத்தில் இருந்த குழு. பின்னது உச்சியில் நின்ற குழு.

இரண்டு வட்டுகளிலும் வரும் பாட்டுகள் சில உண்டு. 'ரோக்சான்' என்பது ஒன்று. 'மெசேஜ் இன் எ பாட்டில்' என்பது மற்றொன்று. அவற்றை அடுத்தடுத்துக் கேட்டல் நலம். பாஸ்டனில் மூவர் குரலும் மூவர் கருவியுமே உள்ளன. நிலையத்தில் பதிந்ததைக் காட்டிலும் காலப்பிரமாணம் ஓடுகிறது. டிரம்ஸ் முன்னே பாய, குரல் அதைத் துரத்திச் செல்கிறது. இளமையின் அவசரம் அது. அட்லாண்டாவில் பின்பாட்டுக்கு மூன்று பெண்டிர் நிற்கின்றனர், ஒலி அகன்றிருக்கிறது, அரங்கமே சேர்ந்து பாடுகிறது. அங்கு மிகுதியாகக் கிடைப்பது வளம். குறைந்து போனது அந்தப் பழைய வெற்றிடம். உச்சி என்பது எய்தியதை மட்டும் காட்டுவதன்று, எய்துவதற்காக எதை விட்டு வந்தோம் என்பதையும் காட்டுவது என்று இவ்விரு வட்டுகளால் தெளிகிறோம்.

இன்னொரு செய்தி. 'கான்ட் ஸ்டாண்ட் லூசிங் யூ' என்னும் பாட்டை மேடையில் இசைக்கும்போது, இவர்கள் இடையே நிறுத்திச் சொல்லற்ற இசையாக விரித்து வாசிப்பது வழக்கம். நாம் நிரவலுக்கும் கற்பனைச் சுரத்துக்கும் இடம் விடுவது போன்றது அது. அவ்வாறு மேடையில் முளைத்த பகுதியே பின்னர் 'ரெகட்டா டி பிளாங்க்' என்னும் தனி இசையாகி, 1979-ல் அப்பெயர் கொண்ட தொகுப்பில் இடம்பெற்று, கிராமி விருதும் பெற்றது. 1983-ன் மேடைப் பதிவில் அது மீண்டும் தான் பிறந்த பாட்டுக்குள்ளேயே வந்து அமர்வதைக் கேட்கலாம். குறிப்பேட்டிலிருந்து கட்டுரை பிறக்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அட்லாண்டாவில் பதிந்த நாலு மாதத்தில், 1984 மார்ச்சில், அச்சுற்றுப்பயணம் முடிந்தது. அதன்பின் அக்குழு நடைமுறையில் கலைந்தது. 2007-லும் 2008-லும் மூவரும் மீண்டும் கூடிப் பயணம் செய்தனர். எனினும் அந்த உச்சிப் பொழுது மீளவில்லை, மீளவும் இயலாது. அது எஞ்சியிருப்பது நாடாவில்தான்.

மேடைப் பதிவு என்ற பெயரில் வெளிவருவன யாவும் அப்பழுக்கற்றவை என்று நாம் கூறவில்லை. பின்னர் நிலையத்தில் அமர்ந்து பிசகிய இடத்தை மீளப் பாடி ஒட்டுவதும், கைத்தட்டலைக் கூட்டுவதும் உலகெங்கும் நடந்தவையே. தெளிவுக்காக ஒலியின் அளவைச் சமன் செய்தல் தகும். நிகழாததை நிகழ்ந்ததாகக் காட்டுதல் தகாது.

நம் இசைக்கு இவ்வுண்மை இன்னும் பொருந்தும். கர்நாடக இசையின் உயிர் அரங்கில் உள்ளது. 1966-ல் எம். எஸ். சுப்புலட்சுமி அமெரிக்காவின் கார்னகி அரங்கில் பாடியது இசைத்தட்டாக வந்து இன்றும் கேட்கப்பெறுகிறது. ஆனால் தட்டாக வெளிவந்த கச்சேரிகள் சில, வராதவை பற்பல. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சபைகளில் நிகழ்ந்த கச்சேரிகளை ஒலிநாடாவிலும் கேசட்டிலும் பதிந்து வைத்த இரசிகர் பலர். அணுசக்தி நகரில் இதில் ஓர் இடரும் உண்டு. அரசுக் குடியிருப்பாதலின், ஓய்வு பெற்றவர் வீட்டை ஒழித்துக்கொடுத்துச் செல்லவேண்டும். முப்பது ஆண்டுப் பொருள்களைச் சில நாட்களில் பிரித்துக் கட்டும்போது, புத்தகம் பிழைக்கும், பாத்திரம் பிழைக்கும். பெயர் எழுதாத கேசட்டுப் பெட்டி பழைய சாமான்காரர் வண்டியில் ஏறிவிடும். அதனுள் ஒரு வித்துவானின் உச்சிப் பொழுது இருக்கலாம். அதற்கு வேறு படி இல்லாமலும் இருக்கலாம்.

எஞ்சியவற்றையும் இந்நகரின் மழைக்காலம் விடுவதில்லை. ஈரத்தால் நாடாவில் பூஞ்சை படரும். காந்தத்துகளைப் பிடித்து நிற்கும் பசை தளரும். ஆகவே மூன்று கடமைகளை நினைவூட்டுவோம். முதலாவது, நாடாக்களை ஈரமற்ற இடத்தில், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அப்பால் வைத்தல். இரண்டாவது, ஓடும் நிலையிலிருக்கும்போதே அவற்றை எண்முறைப் பதிவாகப் படியெடுத்து, இரண்டிடங்களில் காத்தல். மூன்றாவது, பாடியவர், பக்கவாத்தியம் வாசித்தோர், இடம், நாள் ஆகியவற்றை நினைவுள்ளவர் இருக்கும்போதே எழுதிவைத்தல்.

படியெடுக்கும்போது ஒன்றை மறவாதிருப்போம். தம்பூரா சுருதி கூட்டும் ஒலி, முன்வரிசையில் எழும் 'பலே', தனி ஆவர்த்தனத்தின் முடிவில் வெடிக்கும் கைத்தட்டல், உச்ச தாயியில் ஒரு கணம் தளர்ந்து மீண்ட குரல் ஆகிய இவற்றைக் குறையென்று எண்ணி வெட்டிவிடலாகாது. தளர்ந்த குரல் மீண்ட விதத்தில்தான் அந்த வித்துவானின் வித்தை தெரிகிறது. ஆய்வுக் குறிப்பேட்டில் கோடிட்ட எழுத்தைப் போல, அதுவும் அங்கேயே இருக்கட்டும்.