வண்டி நமக்கு உழைக்கணும். நாம் வண்டிக்கு உழைக்கக் கூடாது!
(ஆலங்காயம் விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



விலை கட்டவில்லை, தண்ணி இல்லை, உரம் கிடைக்கலை என்று எப்போதும் பேசுகிறோம். இன்றைக்கு வேற ஒரு விஷயம் பேசப்போகிறோம். நம் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியைப் பற்றி. அந்த வண்டி மாதம் எவ்வளவு சம்பாதிக்குது, எவ்வளவு தின்னுது என்று பேசப்போகிறோம்.

நம்ம பக்கத்தில் தக்காளி போட்டவன், தேங்காய் வெட்டியவன், வாழைத்தார் இறக்கியவன், மலையில் சாமையும் புளியும் கட்டியவன் எல்லாருக்கும் ஒரே பாடுதான். சரக்கு வாணியம்பாடிக்கோ திருப்பத்தூருக்கோ விடியறதுக்குள்ள போய்ச் சேரணும். வாடகை வண்டிக்காரர் கேட்கிற காசைக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல்தான் பல பேர் கடன் வாங்கிச் சொந்த வண்டி எடுத்தோம். எடுத்ததும் பெரிய டீசல் பிக்கப். ஒன்றரை டன் இழுக்கும், மலை ஏறும், டீசல் மலிவு என்று சொன்னார்கள். அது ஒரு காலத்தில் சரியான கணக்குதான். இன்றைக்கும் சரியா என்பதுதான் கேள்வி.

டீசல் மலிவு என்பது பழைய கதை

2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய் 18 காசு. டீசல் 40 ரூபாய் 91 காசு. வித்தியாசம் 32 ரூபாய்! அன்றைக்குப் பெட்ரோல் வண்டி டீசல் வண்டிக்குச் சமமாக நிற்கணும் என்றால், ஒரு லிட்டரில் டீசல் வண்டியைவிட 79 சதவீதம் கூடுதல் தூரம் ஓடணும். நடக்கிற காரியமா? அதனால்தான் ஊரெல்லாம் டீசல் வண்டி வாங்கினோம்.

பிறகு என்ன ஆச்சு? பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூனில் எடுத்தார்கள். 2013 ஜனவரியிலிருந்து டீசலுக்கு மாதம் 50 காசு வீதம் ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் டீசலையும் முழுசாக அவிழ்த்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தபிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு, டீசல் 92 ரூபாய் 34 காசு. வித்தியாசம் எட்டரை ரூபாய்கூட இல்லை. இந்த விலையில் பெட்ரோல் வண்டி 9 சதவீதம் கூடுதல் தூரம் ஓடினாலே போதும், சமமாகிவிடும். 79 எங்கே, 9 எங்கே? இதை ஷோரூமில் யாரும் நமக்குச் சொல்லித் தரமாட்டார்கள். நாம்தான் கணக்குப் போடணும்.

ஒரு மாதக் கணக்கு

ரெண்டு மூணு ஏக்கர்காரர் ஒருத்தரை எடுத்துக்குவோம். சீசனில் நாள் ஒன்றுக்கு 500, 600 கிலோ தக்காளி. போக வர 40 கிலோமீட்டர். மாதம் 25 நாள். மொத்தம் 1,000 கிலோமீட்டர்.

பெரிய டீசல் பிக்கப் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வெச்சுக்குவோம். 83 லிட்டர் சொச்சம். 2024 மார்ச் விலையில் சுமார் 7,700 ரூபாய். சின்னப் பெட்ரோல் வண்டி 15 கிலோமீட்டர் என்று வெச்சுக்குவோம். 67 லிட்டருக்குள். சுமார் 6,700 ரூபாய். மிச்சம் ஆயிரம் ரூபாய்.

'ஆயிரம் ரூபாய்தானே' என்று கேட்பீர்கள். நியாயம். உண்மையான பணம் எரிபொருளில் இல்லை, தவணையில் இருக்கிறது. பெரிய வண்டிக்கு 8 லட்சம் கடன், 12 சதவீதக் குறையும் வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை 17,800 ரூபாய். சின்ன வண்டிக்கு மூன்றரை லட்சம் கடன், அதே வட்டி, அதே 5 வருஷம் என்றால் 7,800 ரூபாய். மாதம் 10,000 ரூபாய் வித்தியாசம்! பாதி வண்டி காலியாகப் போகுது; ஆனால் தவணை மட்டும் முழு வண்டிக்கும் கட்டுகிறோம். தக்காளி கிலோ 5 ரூபாய்க்கு விழுந்த மாதமும் அந்தத் தவணை குறையாது. காட்டில் ஒண்ணும் இல்லாத மாதமும் குறையாது.

குட்டியானை வந்த கதை

டாடா ஏஸ் 2005-ல் வந்தது. ரெண்டு சிலிண்டர் டீசல், முக்கால் டன் சரக்கு. நம்ம ஜனங்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பேர் வைத்தார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 புகைச் சட்டம் வந்தபிறகு சின்ன வண்டிகளின் போக்கு மாறியது. சின்ன டீசல் இன்ஜினில் புகை வடிகட்டி முதலிய சாமான்களைச் சேர்த்தால் விலை ஏறுது. அதனால் மாருதி தன் சூப்பர் கேரி வண்டியில் டீசலை விட்டுவிட்டுப் பெட்ரோலுக்கு வந்தது. குட்டியானையும் பெட்ரோலில் வந்தது. 2025 ஜூனில் டாடா ஏஸ் ப்ரோ பெட்ரோல் வண்டி 3 லட்சத்து 99 ஆயிரம் ஷோரூம் விலையில், 750 கிலோ சரக்குக்கு என்று வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இந்தக் குறைப்பு உங்கள் பில்லில் வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புகை வடிகட்டி விஷயத்தையும் தெரிஞ்சுக்கணும். புது டீசல் வண்டியில் கரி அந்த வடிகட்டியில் சேரும். நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால்தான் சூடேறி அந்தக் கரி எரியும். காட்டிலிருந்து மண்டிக்கு, மண்டியிலிருந்து வீட்டுக்கு என்று குறுக்கே குறுக்கே நின்று ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் விளக்கு எரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒர்க்‌ஷாப் செலவு. குட்டிப் பெட்ரோல் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் எல்லாரும் மாற வேண்டுமா?

இல்லை. ஒருத்தருக்குச் சரியானது இன்னொருத்தருக்குச் சரியாகாது. நாலு வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று: கடன் முடிந்த டீசல் வண்டி, நல்லா ஓடுது. விற்காதீர்கள்! மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் 7,800 ரூபாய்த் தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு: கடன் பாதியில் நிற்கிறது. முதலில் பாக்கி அசல் எவ்வளவு, முன்கூட்டியே முடித்தால் என்ன அபராதம் என்று எழுத்தில் வாங்குங்கள். வண்டி விற்கிற விலையில் அதெல்லாம் அடைந்தால் மட்டும் யோசியுங்கள்.

மூன்று: புதுசாக வாங்குகிறவர், 700 கிலோவுக்குள் சரக்கு, சமதள ரோடு. இவர்தான் பெட்ரோல் வண்டியைப் பார்க்க வேண்டியவர்.

நான்கு: ஜவ்வாது மலைக்காரர்கள். புதூர்நாடு, நெல்லிவாசல், ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு டன் மூட்டையோடு ஏறி இறங்குகிறவர்களுக்கு டீசல்தான் கை கொடுக்கும். டீசல் இன்ஜின் கம்மி சுற்றிலேயே நல்ல இழுவை கொடுக்கும். பெட்ரோல் இன்ஜினை முறுக்கி ஓட்டணும். சுமையோடு ஏற்றத்தில் முறுக்கினால் பெட்ரோல் தண்ணியாகப் போகும். அதோடு வண்டி நிறைய சரக்கு போகுமானால் கிலோவுக்கு விழுகிற செலவு பெரிய வண்டியில்தான் குறைவு. ஆனால் தனி ஆளாக வாங்காதீர்கள். ஐந்தாறு குடும்பம் சேர்ந்து ஒரு டீசல் வண்டி வாங்குங்கள். வண்டியும் நிறையும், தவணையும் பிரியும்.

பெட்ரோல் வண்டி எடுப்பவர்களுக்கு இன்னும் ரெண்டு வார்த்தை. 750 கிலோ என்றால் பெட்டியோடு 25 கிலோ எடையுள்ள 30 பெட்டி, அவ்வளவுதான். குட்டியானை என்று பேர் இருப்பதால் ஆனைச் சுமை ஏற்றக்கூடாது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. இன்னொன்று, இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நம் கரும்பிலும் மக்காச்சோளத்திலும் எடுக்கிற எத்தனால்தான். ஆனால் அதில் மைலேஜ் கொஞ்சம் குறையும். அதையும் கணக்கில் சேருங்கள். கம்பெனி சொல்கிற மைலேஜை நம்பாதீர்கள். டேங்க்கை நிரப்பி, சுமையோடு ஓட்டி, மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள்.

சட்டத்தில் நமக்கு இருக்கிற பாதுகாப்பு

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை. எப்.சி., இன்சூரன்ஸ், வரி எல்லாம் சரியாக இருக்கணும். 'பேட்ஜ் இல்லை' என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோ வரை உள்ள போக்குவரத்து வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

கடன் வாங்கும்போது 'வட்டி வெறும் 9 பர்சென்ட்' என்பார்கள். பிளாட் வட்டியா, குறையும் வட்டியா என்று கேளுங்கள். 5 வருஷத்துக்கு 9 சதவீதம் பிளாட் என்றால் குறையும் வட்டியில் அது 16 சதவீதத்துக்குப் பக்கம்! 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு கொடுக்கிற சில்லறைக் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் உண்மையான வருட வட்டி, எல்லாக் கட்டணம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதித் தரணும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தத் தாள் இல்லாமல் கையெழுத்து வேண்டாம். தவணை தவறினால் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல்காரர் போன் பண்ணக் கூடாது, மிரட்டக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே உத்தரவு இருக்கிறது.

வரியைப் பற்றிப் பேசாமல் வண்டியைப் பற்றிப் பேச முடியாது

2014 ஏப்ரலில் மத்திய அரசின் கலால் வரி டீசல் லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசு, பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 காசு. 2020 மே மாதம், ஊரடங்கில் நாம் தக்காளியை ரோட்டில் கொட்டிய நேரத்தில், டீசலுக்கு 31 ரூபாய் 83 காசு, பெட்ரோலுக்கு 32 ரூபாய் 98 காசு ஆக்கினார்கள். பிறகு குறைத்தார்கள், 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய் ஏற்றினார்கள். அப்போது டீசல் வரி 17 ரூபாய் 80 காசு ஆனது.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 2021 பிப்ரவரியில் 'வேளாண் உள்கட்டமைப்பு' என்ற பேரில் டீசலுக்கு லிட்டருக்கு 4 ரூபாயும் பெட்ரோலுக்கு இரண்டரை ரூபாயும் தனி வரி போட்டார்கள். நம்ம பேரில் வரி! அதை நம்மிடமே வசூல்! அந்த 4 ரூபாய்க்கு ஆலங்காயம் ஒன்றியத்தில் எந்த ஊரில் என்ன கட்டினார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மாநில அரசு மட்டும் சும்மா இருந்ததா? அதே 2020 மே மாதம் டீசலுக்கு 11 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று வாட் வரியை மாற்றியது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை இறங்கினாலும் அந்த 9 ரூபாய் 62 காசு இறங்காது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள்; டீசலுக்கு அப்போது ஒன்றும் குறைக்கவில்லை. கடலுக்குப் போகிற மீனவ சகோதரர்களின் படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசலைத் தமிழக அரசு தருகிறது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். காட்டுக்குப் போகிறவன் என்ன பாவம் செய்தான்?

உயிரும் ஒரு கணக்குதான்

2022 ஏப்ரலில் நம் ஜவ்வாது மலையில், செம்பரை மலைக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன சரக்கு வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். பெண்கள், பிள்ளைகள். மறக்க முடியுமா? சரக்கு வண்டியில், அது பெரியதோ சின்னதோ, ஆள் ஏற்றாதீர்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள். அதே நேரம் அரசையும் கேட்கிறோம்: மலைக் கிராமங்களுக்குப் போதுமான பஸ் இருந்தால் ஜனங்கள் ஏன் சரக்கு வண்டியில் ஏறப் போகிறார்கள்?

நம் கோரிக்கைகள்

1. விவசாய உள்கட்டமைப்புப் பேரில் எரிபொருளில் பிடிக்கிற வரியைச் சிறு விவசாயிக்குத் திருப்பிக் கொடு!

2. சொந்த விளைச்சலை ஏற்றும் வண்டிக்கு, பெட்ரோலோ டீசலோ, மீனவர்களுக்குத் தருவதுபோல் வாட் வரி விலக்குக் கொடு!

3. கூட்டுறவு வங்கி மூலம் சின்னச் சரக்கு வண்டிக்குக் குறைந்த வட்டிக் கடன் கொடு! தவணையை அறுவடை மாதத்துக்கு வை!

4. தமிழில் நோட்டீஸ் கொடுத்து அவகாசம் தராமல் வண்டியை இழுத்துப் போவதைத் தடை செய்!

5. மலைக் கிராமங்களுக்குப் பஸ் விடு! ரோட்டைச் சீர் செய்!

சொந்தங்களே! 1972-ல் கோவை விவசாயிகள் மின் கட்டண உயர்வை எதிர்த்து மாட்டு வண்டிகளை நகரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஊரே ஸ்தம்பித்தது. 2020-21-ல் டெல்லி எல்லையில் டிராக்டர்கள் ஒரு வருஷம் நின்றன. 2021 நவம்பரில் மூன்று சட்டங்களும் வாபஸ் ஆயின. வண்டி விவசாயியின் பாரத்தை மட்டுமல்ல, குரலையும் சுமக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வண்டி ஆர்.சி., கடன் ஒப்பந்தம், தவணை ரசீது, ஒரு மாத டீசல் பில் எல்லாம் எடுத்து வாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சங்கத்தில் படித்துச் சொல்வோம். பிளாட் வட்டி போட்டு ஏமாற்றிய கணக்கு இருந்தால் சேர்ந்து போய்க் கேட்போம். புதுசாக வண்டி எடுக்க நினைப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒரு நடை சங்கத்துக்கு வாருங்கள்.

கணக்குத் தெரிந்த விவசாயியை யாரும் ஏமாற்ற முடியாது! ஒன்று சேர்ந்த விவசாயியை யாரும் அசைக்க முடியாது!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!