வண்டி வீடு புகட்டும் பாடம்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய வான் ஒன்றைச் சிறு வீடாக அமைத்துக்கொண்டு, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் எட்டாத இடத்தில் இரண்டொரு இரவு தங்கி வருவது இன்று நம் இளைஞர் பலருக்கு விருப்பமான காரியமாயிருக்கிறது. நக்கிள்ஸ் என்னும் தும்பறை மலைக்கு அருகே வாழும் நமக்கு அவ்வாசை எழுவது இயல்பே. அதில் ஆபத்தும் உண்டு. நல்லதொரு கல்வியும் உண்டு. இரண்டையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இது நமக்குப் புதிய வழக்கமன்று. நம் முன்னோர் கூடார வண்டி கட்டிக் கதிர்காமத்துக்குச் சென்றபோது, அரிசியும் சட்டி பானையும் பாயும் விளக்கும் அவ்வண்டியிலேயே சென்றன. ஜெர்மனியில் 1951ஆம் ஆண்டளவில் வெஸ்ட்பாலியா என்னும் கம்பனியார் வோக்ஸ்வாகன் வானுக்குள் படுக்கையும் அலுமாரியும் பொருத்தியதும் இதே எண்ணத்தின் வேறொரு வடிவமே. வண்டி எதுவாயினும் விதி ஒன்றுதான்: கொண்டுபோனது எவ்வளவோ அவ்வளவே உண்டு.

இவ்விதியைத் தெல்தெனிய மக்களாகிய நாம் மற்றவரிலும் நன்றாக உணரவேண்டும். 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். அதன் மின்நிலையத்தின் ஆற்றல் 210 மெகாவாற். அந்த நீர்த்தேக்கத்துக்காக நம் பழைய நகரமே நீருக்குள் போயிற்று. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டிடங்கள் தலைகாட்டுகின்றன. அவை தலைகாட்டினால், மின்சாரத்துக்கான நீர் குறைந்தது என்பதும் பொருள். 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு நடைமுறையிலிருந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே சுவரிலுள்ள சுவிச்சுக்குப் பின்னாலும் ஓர் அளவு இருக்கிறது. வீட்டில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, வண்டியில் தெரிந்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ற், 100 அம்பியர்-மணி பற்றரியில் இருப்பது 1,200 வாற்-மணி. சாதாரண ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கைக்கு வருவது 600. ஐந்து வாற் எல்.ஈ.டி. விளக்கு மூன்றை ஐந்து மணி நேரம் எரித்தால் 75. நான்கு கைத்தொலைபேசிகளுக்கு ஏறக்குறைய 60. இருபது வாற் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 160. மொத்தம் 295. இப்படியானால் இரண்டு இரவு நிம்மதி. ஆனால் 700 வாற் சோற்றுக் குக்கரை அரை மணி நேரம் வைத்தால் அதற்கு மட்டுமே 350 போய்விடும்! மலையில் மூடுபனி மறைக்கும் நாளில் சூரியத் தகட்டையும் அதிகம் நம்ப முடியாது. பற்றரி பழையதானால் மேற்சொன்ன கணக்கும் குறையும். சோறு விறகிலோ காஸ் அடுப்பிலோ வேகட்டும். பற்றரி விளக்குக்கு இருக்கட்டும்.

தண்ணீருக்கும் கணக்குண்டு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் வைத்தால், நால்வருக்கு இரண்டு நாளைக்கு 32 லீற்றர். ஒரு லீற்றர் ஒரு கிலோ. அந்தப் பாரத்தை மலையேற்றத்தில் இழுப்பது பழைய எஞ்சின் என்பதை நினைவில் வையுங்கள். ஓடைநீர் தெளிவாகத் தெரிந்தாலும் நன்கு கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும்.

இனி, உயிரோடு சம்பந்தப்பட்டவை. மகியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவில் ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே கடினம். பிரேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சுவதால், பழைய எண்ணெய் விரைவில் கொதித்து மிதி உள்ளே போய்விடும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். புறப்படுமுன் பிரேக் எண்ணெயை மாற்றுங்கள். பற்றரி வயரில் பியூஸ் உண்டா என்று பாருங்கள். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும், அதையும் வாசியுங்கள்.

குளிருக்காக மூடிய வண்டிக்குள் கரியடுப்போ காஸ் அடுப்போ ஒருபோதும் எரிக்கலாகாது. அதிலிருந்து எழும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவன் உறக்கத்திலேயே மாள்வான். சமையல் வெளியே, உறக்கம் உள்ளே. இதில் விட்டுக்கொடுப்புக் கூடாது.

தங்குமிடமும் கவனிக்கத்தக்கது. நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கு அனுமதி பெற்றே தங்கவேண்டும். குப்பையைத் திரும்பக் கொண்டுவரவேண்டும். புல்வெளியில் தீ மூட்டலாகாது. மழைக்காலத்தில், வெட்டிய சரிவின் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அவ்விடம்விட்டு நீங்குங்கள்.

இவ்வளவும் விளையாட்டுப் பயணத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, பாதைகள் துண்டிக்கப்பட்டன, மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. அத்தகைய நாளில் ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படுவது என்ன? இருக்கும் தண்ணீரைப் பங்கிடத் தெரிந்த கை. பற்றரியை எதற்குச் செலவிடுவது என்று தெரிந்த மூளை. மண் அசைவதைக் கண்டறியும் கண். விரும்பிச் சென்ற இடத்தில் இவற்றைப் பயின்றவன், விரும்பாத வேளையிலும் கலங்கமாட்டான்.

இளைஞர்களே, நம் பெரியவர்களைக் கேளுங்கள். பீலியில் தண்ணீர் பிடித்து, குப்பி லாம்பின் ஒளியில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எத்தனை இரவுக்கு வரும் என்று கைக்கணக்காகச் சொல்லக்கூடியவர்கள். அவர்களுடைய அளவும் உங்களுடைய கருவியறிவும் சேரவேண்டும்.

மலைக்குப் புறப்படுமுன் ஓர் இரவு, உங்கள் வீட்டு முற்றத்திலேயே வண்டியை நிறுத்தி, வீட்டிலிருந்து ஒரு பொருளும் எடுக்காமல் தங்கிப்பாருங்கள். குறை என்னவென்று விடியுமுன் தெரிந்துவிடும். குறையைத் தீர்க்கக் கடையும் அருகே இருக்கும். அதன் பிறகு மலை ஏறுங்கள். சென்று, கண்டு, நலமே திரும்பி வாருங்கள்.