மீனெறி தூண்டிலார் கண்ட மூங்கில்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குறுந்தொகைப் புலவர்களுள் இயற்பெயர் தெரியாதோர் சிலர் உண்டு. அவரவர் பாடிய உவமையே அவர்களுக்குப் பெயராயிற்று. செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் ஆகிய பெயர்களை இவ்வவை நன்கறியும். அவ்வரிசையில் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒருவர் மீனெறி தூண்டிலார். 54ஆம் பாடல் அவருடையது. தினைப்புனம் காப்போரின் கவண் ஒலிக்கு அஞ்சிய காட்டு யானை, தான் உண்பதற்காக வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைக் கைவிடுகிறது. விடுபட்ட மூங்கில், மீனைக் கவர்ந்து மேலெழும் தூண்டிலைப் போல் நிமிர்கிறது. அத்தகைய காடுடைய நாடனோடு என் நலமும் அங்கேயே தங்கிவிட்டது என்கிறாள் தலைவி. ஊரார் பேச்சுக்கு அஞ்சி விலகிய தலைவனை அந்த யானையில் காண்பது உள்ளுறை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பழந்தூண்டில்கள். மேலைநாடுகளில் நூறாண்டுக்கு முற்பட்ட மூங்கில் தூண்டிற்கோல்களையும், அவற்றுக்குரிய உருளைகளையும், முட்களையும் தேடிச் சேர்ப்போர் பலர். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து மான்செஸ்டர் நகரில் இதற்கெனவே 1968இல் ஓர் அருங்காட்சியகம் தோன்றியது. கவிஞர்கள் கூடிய அவையில் இது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அக்கோலின் வரலாற்றில் நம் நாட்டு மூங்கில் இருக்கிறது. நம் மலைக் கோழியின் இறகு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றைய சேகரிப்பாளர் எந்தக் குணத்தைக் கொண்டு ஒரு பழங்கோலை மதிப்பிடுகிறாரோ, அந்தக் குணத்தையே நம் புலவர் பாடியிருக்கிறார்.

முதலில் கோலின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நம் குளக்கரையில் சிறுவர் பிடிக்கும் கோல் முழு மூங்கில். இவர்கள் சேர்க்கும் கோலோ மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, முக்கோண வடிவில் இழைத்து, ஆறு பட்டைகளாக ஒட்டிய அறுகோணக் கோல். மூங்கிலின் வலிமை முழுதும் புறத்தோலை அடுத்த நாரில் இருக்கிறது. உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியைக் களைந்து, நார் செறிந்த பகுதி மட்டும் ஆறு பக்கமும் வெளியே அமையுமாறு சேர்ப்பதே இத்தொழிலின் நுட்பம். அடி பருத்து நுனி ஊசியாகும் அந்தச் சரிவில் மயிரிழை பிசகினாலும் கோலின் இயல்பு மாறிவிடும். இவ்வளவு பாடு ஏன்? இவ்வகைத் தூண்டிலில் இரை என்பது இறகும் நூலும் சுற்றிய ஒரு பொய் ஈ. அதற்கு எடை கிடையாது. எடையெல்லாம் நரம்பில். அந்த நரம்பைப் பின்னே வீசும்போது கோல் வளைந்து விசையை வாங்கிக்கொள்கிறது. நிமிரும்போது அவ்விசையைத் திருப்பித் தருகிறது. ஈ பறந்து சென்று நீர்மேல் விழுகிறது. வளையாத கோலால் ஈயை எறிய முடியாது. வளைந்தபடியே நின்றுவிடும் கோலாலும் முடியாது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கோல்களுக்குப் பெரிதும் பயன்பட்ட மூலப்பொருளைக் 'கல்கத்தா மூங்கில்' என்றே வணிகர் அழைத்தனர். கல்கத்தாவில் விளைந்ததால் வந்த பெயரன்று. அத்துறைமுகத்திலிருந்து கப்பலேறியதால் வந்த பெயர். தாவர நூலார் அதனை டென்ட்ரோகாலமஸ் ஸ்ட்ரிக்டஸ் என்பர். நாம் கல்மூங்கில் என்போம். நம் சத்தியமங்கலம் பக்கத்து வறண்ட மலைச்சரிவுகளிலும் வளரும் இனமே அது. கல்கத்தா மூங்கிலில் செய்த கோல்களின் மேல் தீயால் சுட்ட கருந்தழும்புகள் காணப்படும். அத்தழும்பைப் பார்த்தே கோலின் காலத்தைக் கணிப்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தின் குவாங்டொங் மாநிலத்து மூங்கில் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கு 'டோங்கின்' என்று பெயர். அதுவும் விளைந்த ஊரின் பெயரன்று. 1931இல் மெக்கிளூர் என்னும் தாவரவியலார் அதற்கு இலத்தீனில் 'அமாபிலிஸ்' என்று அடைகொடுத்தார். 'அன்புக்குரியது' என்று பொருள். அறிவியலாருக்குள்ளும் எப்போதாவது ஒரு புலவர் விழித்துக்கொள்கிறார். 1950இல் அமெரிக்கா சீன வணிகத்துக்குத் தடைவிதித்ததும் அங்கே மூங்கில் வரத்து நின்றது. கண்ணாடியிழைக் கோல்கள் அவ்விடத்தை நிரப்பின. சேகரிப்போர் பொருளாக மூங்கிற்கோல் மாறிய கதை அதன்பின் தொடங்குகிறது.

இங்கிலாந்தின் ஆல்ன்விக் நகரத்தில் 1872இல் தோன்றிய ஹார்டி நிறுவனம், தன் மூங்கிற்கோல்களுக்குப் 'பலகோனா' என்று வணிகப் பெயர் சூட்டியது. அறுகோணக் கோலுக்கு அப்பெயர் என்று கேட்டதும் நம்மவருள் சிலர் 'பலகோணம்' என்று துள்ளி எழக்கூடும். ஒலி ஒத்திருப்பதாலேயே சொற்பிறப்பு ஆகிவிடாது, ஆசையை அடக்கிக்கொள்வோம்.

இக்கோல் நம் பக்கம் வந்தது நீலகிரி வழியாக. ஆங்கிலேயருக்கு உதகையின் குளிர் மட்டும் போதவில்லை. தங்கள் ஊர் டிரவுட் மீனும் வேண்டியிருந்தது. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1860களில் இங்கிலாந்திலிருந்து அதைக் கொண்டுவர முயன்று தோற்றார். 1879இல் நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்கவென்று தனிச்சட்டமே இயற்றப்பட்டது. 1907இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகே டிரவுட் நிலைபெற்றது. அன்று சென்னை மாகாண மீன்வளத் துறையை உருவாக்கிய பிரடெரிக் நிக்கல்சன் நமக்குப் புதியவரல்லர். 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர் அவரே. நம் ஊரின் கிணறும் ஏரும் பயிரும் பற்றி எழுதியவர் மீனுக்கும் வந்து சேர்ந்தார். வட அமெரிக்காவின் பசிபிக் கடலோரத்து மீன், தென்னாட்டு ஓடையில் வளர்ந்து, சீன மூங்கிலில் செய்த ஆங்கிலக் கோலுக்கு அகப்பட்டது. இதில் நம் பங்கு என்ன என்று கேட்டால், ஓடையைக் காட்டலாம். ஓர் இறகையும் காட்டலாம்.

நம் மலைகளின் சாம்பல்நிறக் காட்டுக்கோழிச் சேவலுக்குக் கழுத்திறகில் மெழுகை உருக்கிச் சொட்டினாற்போன்ற பொன்னிறப் புள்ளிகள் இருக்கும். நீருக்குள் அப்புள்ளி சிறுமீனின் கண்ணாகத் தோன்றும் என்பது தூண்டிற்காரர் நம்பிக்கை. பழைய பொய் ஈக்களில் இவ்விறகு மிக உயர்வாகக் கருதப்பட்டது. எத்தனை சேவல்கள் இதற்காக மடிந்தன என்று எண்ணும்போது, கண்ணாடிப் பேழைக்குள் மின்னும் அந்த ஈக்களின் அழகை முழுமனத்தோடு வியக்க என்னால் இயலவில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அப்பறவையைக் காக்கிறது. இன்று ஒருவர் பழைய ஈக்களைச் சேர்க்கலாம். அவற்றைப் போலச் செய்ய இங்கே இறகு பறிக்கலாகாது.

நரம்பிலும் ஒரு செய்தி. நைலான் வருமுன் ஈயோடு இணையும் முன்நரம்பைப் பட்டுப்புழுவிலிருந்தே எடுத்தார்கள். கூடு கட்டும் தறுவாயில் உள்ள புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச்சுரப்பியை இழுத்து நீட்டிக் காயவைப்பார்கள். ஸ்பெயின் நாட்டு முர்சியா இதற்குப் பேர்போனது. கோபியிலும் சிறுமுகையிலும் பட்டோடு பழகியவர்களுக்கு, நூற்காத பட்டு என்பது வியப்பாக இருக்கும்.

இனிச் சேகரிப்பாளரின் பார்வைக்கு வருவோம். பழங்கோல் கையில் வந்ததும் அவர் முதலில் ஒரு கண்ணை மூடி, அடியிலிருந்து நுனிவரை நோக்குவார். பல்லாண்டு வளைந்ததில் நிரந்தரக் கூனல் விழுந்திருக்கிறதா? ஒட்டிய பட்டைகள் விட்டிருக்கின்றனவா? துண்டுகளை இணைக்கும் ஜெர்மன் சில்வர் பூண் இறுக்கமாகப் பொருந்துகிறதா? நுனி ஒடிந்து குறுகியிருக்கிறதா? சுற்றிய பட்டுநூல் பழையதா, பின்னர் யாரோ சுற்றியதா? அழகுக்காகப் புது வார்னிஷ் பூசியிருந்தால் மதிப்புக் குறையும். நம் கோயில் கல்வெட்டுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்போர் இதைக் கேட்கவேண்டும். பின் மெல்ல வளைத்து விடுவார். கோல் துடித்து நேராக நின்றால் முகம் மலரும். இதைப் பணக்காரர் பொழுதுபோக்கு என்று நான் தள்ளமாட்டேன். செய்தவன் கைத்திறனை அவன் மறைந்து நூறாண்டுக்குப் பின்னும் ஒருவர் விரலால் படிக்கிறார். ஏடு தேடிய உ.வே.சா. 1937இல் குறுந்தொகைக்கு உரை வெளியிட்டபோது செய்ததும் இதற்கு உறவுடைய வேலைதான்.

அந்த ஒரு கணத் துடிப்பைப் பாடியதற்காகவே நம்மிடம் இரண்டு புலவர்கள் பெயர் பெற்றிருக்கிறார்கள். 74ஆம் பாடலில் அதே பசுமூங்கில், கட்டவிழ்த்துவிட்ட குதிரை பாய்வதுபோல் வானோக்கி எழுகிறது. அவர் விட்ட குதிரையார். ஒருவர் குதிரையைக் கண்டார். மற்றவர் தூண்டிலைக் கண்டார். குதிரை உவமையில் விடுதலையின் வேகம் இருக்கிறது. தூண்டில் உவமையில் வேகத்தோடு ஓர் இழப்பும் இருக்கிறது. கோல் நிமிரும்போது மீன் நீரைவிட்டுப் போய்விடுகிறது. தன் நலம் தன்னிடம் இல்லை என்னும் தலைவிக்கு இரண்டாவதே பொருந்தும். ஆற்றங்கரையில் நெடுநேரம் நின்ற கண்ணுக்கன்றி இவ்வுவமை வாய்த்திருக்காது என்பது என் துணிபு.

அந்தக் கோல் எங்கே? நம் நாட்டுத் தூண்டிற்கோலை யாரும் சேர்த்து வைக்கவில்லை. ஒடிந்தால் அடுப்புக்குப் போகும் பொருளை யார் வைப்பார்? அதைச் சொல்லி இன்று வருந்திப் பயனில்லை. மீனையே இழந்துகொண்டிருக்கிறோம். காவிரி வடிநிலத்துக்கே உரிய திமில் மகசீர், பவானிக்கு நீர்தரும் மோயாற்றில் இன்னும் எஞ்சியிருக்கிறது. 1946இல் கபினியாற்றில் 120 பவுண்டு எடையுள்ள மகசீர் ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. அணையும் வெடியும் மணற்கொள்ளையும் புதிதாக விடப்பட்ட வேற்றின மகசீரும் சேர்ந்து, 2018இல் திமில் மகசீர் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் ஏறியது.

சொற்களும் அவ்வாறே போகின்றன. குறுந்தொகையில் தூண்டில் என்பது நிமிரும் கோல். வள்ளுவர் சூது அதிகாரத்தில் மீன் விழுங்கும் இரும்பைச் சொல்லும்போது தூண்டில் முள்ளைச் சுட்டுகிறது. ஒரே சொல் கோலையும் முள்ளையும் தாங்கியது. இன்று கரையில் கேட்டால் முள், நரம்பு, தங்கூசி, தக்கை என்று தனித்தனியே பெயர் சொல்கிறார்கள். மீன் கொத்துகிறது, தக்கை முங்குகிறது, சுண்டி இழு என்கிறார்கள். இந்தச் 'சுண்டு' என்னும் வினைக்கும், பழம்புலவரின் 'எறி' என்னும் வினைக்கும் இடையில் எத்தனை சொற்கள் இருந்தனவோ!

ஆகவே வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம். நமக்குக் கோல் சேர்க்கும் வசதி இல்லை. சொல் சேர்க்க ஒரு குறிப்பேடு போதும். மேட்டுப்பாளையம், சிறுமுகை, பவானிசாகர், கூடுதுறை என்று நம் உறுப்பினர் இல்லாத கரை இல்லை. தக்கை முங்கிய கணத்தில் மணிக்கட்டு செய்யும் அந்த அசைவுக்கு அவ்வவ்வூரில் என்ன பெயர் என்று கேட்டு எழுதிவாருங்கள். அடுத்த திங்கள் கூட்டத்தில் அவற்றை வைத்துக்கொண்டு 54ஆம் பாடலை மறுபடி படிப்போம்.