கழுத்தில் எரிந்த விளக்கு: பெட் ஸ்கேன் காட்டிக்கொடுத்த கொழுப்பு

இந்த வாரக் கதையை ஒரு கம்பளியில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் மே மாசம். சென்னை வெயிலைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்தியை பெட் ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். லிம்ஃபோமாவுக்கு சிகிச்சை முடிஞ்சு, எல்லாம் போயிடுச்சான்னு பார்க்கிற ஸ்கேன். காலையிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. உள்ளே கையில் ஊசி போட்டு, ஒரு மணி நேரம் தனி அறையில் அசையாமல் படுக்கச் சொல்லியிருக்காங்க. பேச்சு இல்லை, போன் இல்லை. அதெல்லாம் சித்திக்குப் பிரச்சினையே இல்லை. அந்த நர்ஸ் ஒரு கனமான கம்பளியைக் கொண்டுவந்து கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டதுதான் அவங்களுக்குப் புரியவே இல்லை. "இந்த வெயில்ல எதுக்கும்மா?"ன்னு கேட்டிருக்காங்க. "குளிரக் கூடாதும்மா, ஸ்கேன் கெட்டுப்போயிடும்." அவ்வளவுதான் பதில்.

ரெண்டு நாள் கழிச்சு, ராத்திரி 1 மணிக்கு சித்தி பொண்ணுகிட்ட இருந்து வாட்ஸ்அப். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா. "அக்கா, கழுத்துல ரெண்டு பக்கமும் ஏதோ ஏறியிருக்குன்னு போட்டிருக்கு. திரும்ப வந்துடுச்சா?" நானும் படிச்சேன். ஒரு நிமிஷம் எனக்கும் கை நடுங்கிடுச்சு. ஆனா அடுத்த வரியில் தெளிவா எழுதியிருந்தாங்க: இது பழுப்புக் கொழுப்பு, இயல்பானது. அவ முதல் வரியோட நின்னுட்டா. அந்த நேரத்தில் யாரா இருந்தாலும் அங்கேதான் நிப்பாங்க.

அந்த ரெண்டாவது வரியோட கதைதான் இன்னைக்கு. இதே ரிப்போர்ட்டை 1990-களில் எழுதியிருந்தா அந்த வரி பெரும்பாலும் இருந்திருக்காது.

முதல்ல பெட் ஸ்கேன் எதைப் பார்க்குதுன்னு புரிஞ்சுக்கணும். எக்ஸ்ரே, சிடி எல்லாம் உடம்போட வடிவத்தைக் காட்டும். பெட் ஸ்கேன் காட்டுவது வேலையை. எந்த இடம் இப்போ சர்க்கரையை அதிகமா இழுக்குது என்பதுதான் அதில் தெரியும். இதற்காக ஊசியில் போவது எஃப்.டி.ஜி என்ற பொருள். குளுக்கோஸ் மாதிரியே இருக்கும். ஆனால் அதில் ஒரு இடத்தில் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவை வைத்திருப்பார்கள். செல் இதை சர்க்கரை என்று நம்பி உள்ளே எடுத்துக்கொள்ளும். முதல் படியைத் தாண்டி எரிக்கவும் முடியாது, சுலபமாக வெளியே தள்ளவும் முடியாது. உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அந்த ஃப்ளோரின் அணு சிதையும்போது ஒரு பாசிட்ரானை வெளியிடும். அது ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் ஏதாவது ஒரு எலெக்ட்ரானோடு மோதி, ரெண்டும் சேர்ந்து காணாமல் போய்விடும். அந்த இடத்திலிருந்து ரெண்டு காமா கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் கிளம்பும். சுற்றியிருக்கும் வளையத்தில் ரெண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால், மோதல் அந்தக் கோட்டில் எங்கேயோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். இப்படி லட்சக்கணக்கான கோடுகளைச் சேர்த்து ஒரு படம் வரைகிறார்கள்.

ஃப்ளோரின்-18 கிட்டத்தட்ட 110 நிமிஷத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் தயாரித்து அலமாரியில் வைக்க முடியாது. 1976 ஆகஸ்ட்டில் முதன்முறையாக மனிதருக்கு எஃப்.டி.ஜி செலுத்தியபோது, நியூயார்க் பக்கத்தில் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் அதைத் தயாரித்து, விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பினார்கள். பாதி வழியிலேயே கரைந்துகொண்டிருக்கிற மருந்து! அப்போது அவர்கள் பார்க்க விரும்பியது மூளையை. புற்றுநோய்க்கு இது பெரிய ஆயுதமானது பின்னால்தான். பல புற்றுநோய் செல்களுக்கு சர்க்கரைப் பசி அதிகம். அதனால் படத்தில் பளிச்சென்று தெரியும்.

இங்கேதான் சிக்கல். சர்க்கரையை இழுப்பது புற்றுநோய் மட்டும் இல்லையே? மூளை எப்பவும் எரியும். நீங்க பேசிக்கிட்டே இருந்தா குரல் தசை எரியும், முந்தின நாள் ஜிம்முக்குப் போயிருந்தா தொடை எரியும். பேசாதீங்க, அசையாதீங்கன்னு சொல்றது இதனால்தான். இதுக்கெல்லாம் காரணம் தெரிந்திருந்தது. ஆனால் சில பேருக்கு, முக்கியமாக இளம் பெண்களுக்கு, கழுத்தின் ரெண்டு பக்கமும், காறை எலும்புக்கு மேலே, ஒரே மாதிரி ஒளி தெரிந்தது. லிம்ஃபோமா வந்தால் நெறி கட்டுகிற அதே இடம்.

கழுத்துத் தசை இறுகியிருக்கிறது, பயத்தில் உடம்பை விறைப்பாக வைத்திருக்கிறார்கள் என்று டாக்டர்கள் நினைத்தார்கள். 1996-ல் லண்டனில் இப்படிப்பட்டவர்களுக்கு டயஸெபாம், அதாவது பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை, கொடுத்துப் பார்த்தார்கள். ஒளி குறைந்தது. அப்போ தசைதான், பதற்றம்தான் என்று முடிவாயிற்று. மாத்திரை வேலை செய்தது, காரணம்தான் தப்பு. பொண்ணுங்க பயந்துட்டாங்கன்னு சொல்லிட்டா யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டாங்க இல்லையா? எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

திருப்பம் இயந்திரத்தில் இருந்து வந்தது. டேவிட் டவுன்சென்ட், ரான் நட் ஆகிய ரெண்டு பேர் பெட்டையும் சிடியையும் ஒரே கருவியில் சேர்த்தார்கள். முதல் மாதிரி 1998-ல் பிட்ஸ்பர்கில் வேலைக்கு வந்தது. இப்போ ஒளியை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அது எந்தத் திசுவின் மேல் விழுகிறது என்றும் பார்க்கலாம். 2002-ல் ஸூரிக்கில் இருந்து ஒரு குழு எழுதியது: அந்தக் கழுத்து ஒளி தசையில் இல்லை, நிணநீர் முடிச்சிலும் இல்லை, கொழுப்பில் இருக்கிறது. அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு இதற்கு ஒரு பெயர் வைத்தது: யு.எஸ்.ஏ ஃபேட். காறை எலும்புக்கு மேல் பகுதியில் தெரியும் ஒளிர்வு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். கிண்டலும் உண்டு, விஷயமும் உண்டு. குளிர்கால மாதங்களில் இது அதிகமாகத் தெரிகிறது என்பதையும் அதே குழு கவனித்தது.

கொழுப்பு எதுக்கு சர்க்கரையை எரிக்கணும்? நமக்குத் தெரிந்த வெள்ளைக் கொழுப்பு சேமித்து வைக்கும் மூட்டை. பழுப்புக் கொழுப்பு வேற ரகம், அது அடுப்பு. அதில் மைட்டோகாண்ட்ரியா நிறைந்திருக்கும், நிறமே அதனால்தான். சாதாரண செல்லில் மைட்டோகாண்ட்ரியா எரிபொருளை எரித்து, அந்த ஆற்றலை செல்லின் வேலைக்குப் பயன்படும் வடிவத்தில் சேர்த்து வைக்கும். பழுப்புக் கொழுப்பில் யு.சி.பி-1 என்ற புரதம் நடுவில் ஒரு ஓட்டை போட்டுவிடும். ஆற்றல் சேராமல் அப்படியே சூடாகப் போய்விடும். கைக்குழந்தைகளுக்கு நடுங்கத் தெரியாது, முதுகில் இருக்கும் இந்தக் கொழுப்புதான் அவர்களுக்குக் கதகதப்பு. கொன்ராட் கெஸ்னர் என்ற சுவிஸ் அறிஞர் 1551-லேயே மார்மட் என்ற மலை விலங்கிடம் இதைப் பார்த்து, கொழுப்பும் இல்லை, சதையும் இல்லை என்று குழம்பியிருக்கிறார். பெரியவர்களுக்கு இது மறைந்துவிடும் என்றுதான் பாடப்புத்தகங்களில் இருந்தது.

2007-ல் ஸ்வீடனின் உடலியல் ஆய்வாளர்கள், நெடர்கார்ட், பெங்ட்சன், கேனன் மூவரும், ஸ்கேன் டாக்டர்கள் எழுதிய கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். சுருக்கமாக அதன் சாரம்: நீங்கள் தொந்தரவு என்று ஒதுக்குகிற இந்த ஒளி, பெரியவர்களிடமும் பழுப்புக் கொழுப்பு உயிரோடு இருப்பதற்கான ஆதாரம். ரெண்டு துறைகள் பக்கத்துப் பக்கத்து கட்டிடத்தில் இருந்தும் ஒருத்தரை ஒருத்தர் படிக்கவே இல்லை, அதுதான் நடந்தது.

2009 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஒரே இதழில் இதைப் பற்றி மூன்று ஆய்வுகளை வெளியிட்டது. போஸ்டன் குழு வேறு காரணங்களுக்காக எடுத்த 3,640 பழைய ஸ்கேன்களை, மொத்தம் 1,972 நோயாளிகளுடையதை, மறுபடி பார்த்தது. பெண்களில் 7.5 சதவீதம், ஆண்களில் 3.1 சதவீதம் பேருக்குத் தெரிந்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் குழு ஆரோக்கியமான 24 ஆண்களை 16 டிகிரி அறையில் 2 மணி நேரம் உட்கார வைத்தது. 24-ல் 23 பேருக்குத் தெரிந்தது. குளிர் இல்லாதபோது தெரியவில்லை.

இந்த ரெண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 7.5 சதவீதம் ஒரு பக்கம், 24-ல் 23 இன்னொரு பக்கம். மனித உடம்பு அதேதான். ஒரு குழு கதகதப்பான அறையில் எடுத்த படங்களைப் பார்த்தது, இன்னொன்று குளிர வைத்துப் பார்த்தது. பெட் ஸ்கேனில் ஒன்று தெரியவில்லை என்றால் அது இல்லை என்று ஆகாது. அந்த ஒரு மணி நேரத்தில் அது வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது குழு பின்லாந்தின் துர்க்கு. 5 பேர்தான். ஆனால் குளிர்ந்த அறை, நடுநடுவே ஒரு காலை ஐஸ் தண்ணீரில் வைப்பது என்று சோதித்தார்கள். அந்தக் கொழுப்பு இழுக்கும் சர்க்கரை 15 மடங்கு ஏறியது. முக்கியமாக, 3 பேரிடம் அந்த இடத்திலிருந்து துளி திசு எடுத்து, யு.சி.பி-1 இருப்பதை நேரடியாகக் காட்டினார்கள். அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

இப்போ உங்கள்ல பாதிப் பேர் என்ன யோசிக்கிறீங்கன்னு தெரியும். உள்ளேயே ஒரு அடுப்பு இருக்கு, அதை ஏத்திவிட்டா எடை குறையுமே? துர்க்கு குழுவும் அதைக் கணக்குப் போட்டது. 63 கிராம் பழுப்புக் கொழுப்பு முழு வேகத்தில் எரிந்தால், வருஷத்துக்கு 4.1 கிலோ கொழுப்புக்குச் சமம் என்றார்கள். அந்த "முழு வேகத்தில்" என்பதை விட்டுவிட்டு மீதியை மட்டும் இன்ஸ்டாகிராம் எடுத்துக்கிச்சு. பிறகு வந்த சில அளவீடுகளைப் பார்த்தால், ஒரு நாளைக்கு ஒரு இட்லி கணக்குகூடத் தேறாது. ஐஸ் தொட்டியில் உட்கார்ந்து ரீல்ஸ் போடுறவங்க போடட்டும், எடைக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க.

மருந்தால் ஏற்ற முடியுமான்னும் பார்த்தாங்க. மிராபெக்ரான் என்ற சிறுநீர்ப்பை மருந்தை 2015-ல் 12 இளைஞர்களுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தபோது பழுப்புக் கொழுப்பு பெட் ஸ்கேனில் பளிச்சென்று எரிந்தது. இதயத் துடிப்பும் கூடவே ஏறியது. வழக்கமாகக் கொடுப்பது 25 அல்லது 50 மில்லிகிராம்தான் என்பதையும் மறந்துடாதீங்க.

இன்னொன்றைச் சொல்லாமல் போக மாட்டேன்: டி.என்.பி. 1930-களில் அமெரிக்காவில் எடை குறைக்க விற்ற ரசாயனம். யு.சி.பி-1 பழுப்புக் கொழுப்பில் மட்டும் போடுகிற ஓட்டையை, இது உடம்பின் எல்லா செல்களிலும் போடும். நிறுத்துவதற்கு உடம்பிடம் வழி இல்லை. உள்ளேயே வெந்து செத்தார்கள். 1938-ல் இது மனிதர் உட்கொள்ளத் தகுதியில்லாதது என்று அறிவித்தார்கள். இன்னும் இணையத்தில் விற்கிறார்கள், இன்னும் இளைஞர்கள் சாகிறார்கள். ஜிம்மில் யாராவது மஞ்சள் பொடியையோ மாத்திரையையோ நீட்டினால் வாங்காதீங்க.

சரி, எடையை விடுங்க. ஆராய்ச்சி இப்போ நகர்ந்திருப்பது நோய் பக்கம். நியூயார்க்கில் 52,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஸ்கேன்களைப் பார்த்து 2021-ல் ஒரு ஆய்வு வந்தது. பழுப்புக் கொழுப்பு தெரிந்தவர்களில் 4.6 சதவீதம் பேருக்கு டைப் 2 சர்க்கரை நோய், தெரியாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு. கொழுப்பு காப்பாற்றுகிறதா, ஆரோக்கியமாக இருப்பவர்களிடம் அது மிஞ்சியிருக்கிறதா என்பதை இந்த எண் சொல்லாது. நம்மைத் தொடுகிற ஒரு ஆய்வும் உண்டு. 2014-ல் நெதர்லாந்தின் லைடன் குழு, ஒல்லியான 24 இளைஞர்களைக் குளிர வைத்துப் பார்த்தது. 12 பேர் தெற்காசிய வம்சாவளி, 12 பேர் வெள்ளையர். தெற்காசியர்களிடம் பழுப்புக் கொழுப்பின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒல்லியாக இருந்தும் நம் ஆட்களுக்கு ஏன் சீக்கிரம் சர்க்கரை வருகிறது என்பதற்கு இது ஒரு துப்பு. 24 பேரை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. ஆராய்ச்சிக்கு வருகிறவரைக் குளிர வைக்கிறார்கள், நோயாளியைப் போர்த்திவிடுகிறார்கள். ஒரே கருவி, ஒரே ஊசி. அங்கே தேடுவது பழுப்புக் கொழுப்பை, இங்கே அது புற்றுநோயை மறைத்துவிடக் கூடாது. சித்தியோட கம்பளிக்கு இதுதான் காரணம். அப்புறம் ஏன் அவங்களுக்கு ஒளி தெரிஞ்சது? மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எதுல வந்தீங்க?" கேப்ல வந்தோம். வெயில்னு சொல்லி நான்தான் ஏசியை 18-ல் வைக்கச் சொன்னேன். அப்புறம் வரவேற்பறையில் ஏசிக்கு நேர் கீழே முக்கால் மணி நேரம். ஊசிக்கு முன்னாடியே அடுப்பு பத்திக்கிச்சு.

அதனால யாரையாவது பெட் ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறீங்கன்னா, வீட்டிலிருந்தே கதகதப்பா கூட்டிட்டுப் போங்க. குளிருதுன்னா வெட்கப்படாம டெக்னீஷியன்கிட்ட சொல்லச் சொல்லுங்க. ரிப்போர்ட் ராத்திரி வந்தா, ஒரு வரியோட நிறுத்தாம கடைசி வரைக்கும் படிங்க. புரியலைன்னா கூகுள்கிட்ட கேட்காம காலையில் டாக்டர்கிட்ட கேளுங்க.

நவம்பர்ல அடுத்த ஸ்கேன். வெளியே அடைமழை. சித்தி பொண்ணு அம்மாவுக்கு ஸ்வெட்டர், மஃப்ளர், சாக்ஸ் எல்லாம் மாட்டிவிட்டு, டிரைவர்கிட்ட ஏசியை அணைக்கச் சொல்லிட்டா. கண்ணாடி பூரா ஆவி பிடிச்சு, நாங்க மூணு பேரும் வேர்த்து வழிஞ்சுக்கிட்டே போனோம். இந்தத் தடவை ரிப்போர்ட்ல கழுத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்லை.