உழவு இயந்திரத்தில் கறள் நீக்கும் முறை
(கமக்காரர் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பெரும்போக வெள்ளாமை வெட்டி நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. இனி இருசில்லு உழவு இயந்திரத்தையும் அதன் பெட்டியையும் வேலியோரத்தில் நிறுத்திவிட்டு, சிறுபோகம் வரும்வரை மறந்துவிடுவது நம்மிற் பலரின் வழக்கம். நாம் மறந்தாலும் கறள் மறப்பதில்லை.

இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேருமிடத்திற் கறள் உண்டாகின்றது. உப்பு அதனை விரைவுபடுத்துகின்றது. கிழக்கே கடலும் மேற்கே சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவியும் சூழ்ந்த எழுவான்கரையில், காற்றோடு வரும் உப்பு இரும்பின்மேற் படிகின்றது. அவ்வுப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் மழையற்ற நாளிலும் இரும்பு ஈரமாகவே இருக்கும். படுவான்கரையிலுள்ளோரும் கவலையற்றிருக்க முடியாது. எம்.ஓ.பி. என்னும் பொட்டாசு உரத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதி குளோரைட்டாகும். கறியுப்பில் இரும்பைக் கெடுப்பதும் அதே குளோரைட்டுத்தான். பெட்டியிற் சிந்திய உரத்தைக் கழுவாது விட்டால், தகட்டில் உப்புத் தூவியதற்கு ஒப்பாகும்.

பண்ணைப் பாடசாலையில் நான் பயின்ற காலத்தில், கறள் பிடித்த கலப்பையொன்றைச் சுத்தஞ்செய்து வர்ணம் பூசும் வேலை எனக்குக் கிடைத்தது. சுரண்டுவதற்குச் சோம்பிக் கறளின் மேலேயே வர்ணத்தைப் பூசினேன். கலப்பை புதிதுபோலப் பளபளத்தது. ஒரு மாரி கழிந்ததும் வர்ணம் கொப்புளங்கொப்புளமாக எழும்பி உரிந்தது; அதன்கீழே இரும்பு முன்னிலும் மோசமாக அரித்திருந்தது. கறள், தான் தின்ற இரும்பைவிடக் கூடிய இடத்தைப் பிடிப்பதால் வர்ணத்தைத் தள்ளி எழுப்புகின்றது. சீழை அகற்றாமற் புண்ணைக் கட்டுவது எவ்வாறோ, கறளை அகற்றாமல் வர்ணம் பூசுவதும் அவ்வாறே.

இனி, செய்யவேண்டிய முறையைக் கூறுகின்றேன். பங்குனி வெயில் இதற்கு உகந்தது.

முதலாவதாக, இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, சேற்றையும் உப்பையும் நன்னீரினாற் கழுவுங்கள். வாவி நீர் ஆகாது. பின்னர் நன்றாக வெயிலில் உலரவிடுங்கள்.

இரண்டாவதாக, தளர்ந்த கறளைச் சுரண்டியாலும் கம்பித் தூரிகையாலும் அகற்றுங்கள். கறளைச் சுற்றி, நல்ல வர்ணமுள்ள பகுதியிலும் ஓர் அங்குலம் உட்சென்று சுரண்டுங்கள். அதன்பின் முரட்டு அரத்தாளாலும் இறுதியில் மெல்லிய அரத்தாளாலும் இரும்பு வெண்மையாக மின்னும்வரை தேயுங்கள். கண்ணாடி அணிந்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆகையாற் பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

மூன்றாவதாக, கழற்றக்கூடிய சிறு ஆணிகளையும் சுரைகளையும் பிளாத்திக்குப் பாத்திரத்தில் வினாகிரி ஊற்றி ஓரிரவு ஊறவிடலாம். காலையில் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த நீரிலும் பின்னர் நன்னீரிலும் கழுவி, உடனே உலர்த்துங்கள். கடையில் விற்கும் கடுமையான அமிலங்களை நாடவேண்டாம்.

நான்காவதாக, தேய்த்த இடத்தைத் திருப்புளி முனையினால் அழுத்திப் பாருங்கள். முனை உட்செல்லுமாயின் அங்கே வர்ணம் பூசிப் பயனில்லை. அப்பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகடு ஒட்டுவிக்க வேண்டும். பெட்டியை இயந்திரத்தோடு பிணைக்கும் சட்டத்திலோ தடுப்புக் கம்பியிலோ ஆழமான கறள் கண்டால், தாமதியாது திறமையான தொழிலாளியிடம் காட்டுங்கள்.

ஐந்தாவதாக, இரும்பு மின்னிய அன்றே, பொழுது சாயுமுன் சிவப்பு ஒட்சைட்டு அடிப்பூச்சைப் பூசிவிடுங்கள். ஓரிரவு வெறுமனே விட்டால், வாவிக்காற்றின் ஈரத்தில் மறுநாட் காலையிற் செங்கறள் படிந்திருக்கும். செய்த வேலை வீணாகும். அடிப்பூச்சு காய்ந்தபின் வர்ணத்தை மெல்லியதாக இருமுறை பூசுங்கள். முதற்பூச்சு நன்கு உலருமுன் இரண்டாவதைப் பூசவேண்டாம்.

மண்ணில் உராயும் கொழு, சுழற்கத்தி, மண்வெட்டி முதலியவற்றில் வர்ணம் நில்லாது. அவற்றைத் துடைத்து, சுத்தமான எண்ணெய் தடவி வையுங்கள். கழிவு ஒயிலைப் பூசி வயலிலும் கிணற்றோரத்திலும் சிந்தவிடுவது மண்ணுக்கும் நீருக்கும் கேடு.

இவற்றைச் செய்தபின் இயந்திரத்தைக் கூரையின்கீழ், சில்லுகளுக்குப் பலகை வைத்து நிறுத்துங்கள். பெட்டியில் நீர் தேங்காதபடி சற்றுச் சாய்த்து வையுங்கள். உரம் ஏற்றிய அன்றே கழுவுங்கள். மாதம் ஒருமுறை மூலை முடுக்குகளைப் பாருங்கள். கட்டைவிரலளவான கறளை அரைமணி நேரத்தில் நீக்கலாம். அதனை ஒரு மாரிக்கு விட்டால் தகடே போய்விடும்.

அன்பர்களே, அந்தப் பெட்டியில் நெல்மூடை மாத்திரம் ஏறுவதில்லை. வெட்டுக்காலத்தில் மனைவி மக்களும் அதிலேதான் வயலுக்கு வருகின்றனர். அதன் சட்டம் உறுதியாயிருக்கின்றதா என்பதை இம்மாதமே குனிந்து பாருங்கள்.