ஒன்று பலவாதலும் பல ஒன்றாதலும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமோ இசையோ பேசப்படுதலே வழக்கம். அவ்வழக்கத்தை மீறிக் கணினியைப் பற்றிப் பேச நாம் முன்வந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற மழைக்காலத்தில் நம் உறுப்பினர் ஒருவர் காலமானார். குடும்ப நல நிதியிலிருந்து அன்றே தரவேண்டிய தொகை, அவர் மனைவியார் கைக்கு ஒன்பதாம் நாள்தான் சென்றது. நிதியில் பணம் இல்லாமல் அன்று. கணக்கிருந்த கணினியின் வட்டு அவ்வாரமே பழுதுற்றமையால், சந்தா செலுத்தியவர் யார், செலுத்தியது எவ்வளவு என்பதை ரசீதுப் புத்தகங்களைப் புரட்டி மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. அதற்குள் அவ்வம்மையார் கடன் வாங்கிக்கொண்டு ஊர் சென்றார். இத்தகைய தலைகுனிவு மறுபடியும் நேராதிருக்க வழி யாது என ஆராய்ந்தோம். அறிந்தவற்றை இங்குக் கூறுகிறோம். நாம் பொறியியல் கற்றோம் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு நின்று ரயில்வேயில் பேரேடு எழுதுவோம். பிழை இருப்பின் கற்றோர் பொறுத்தருள்க.

யுனிக்ஸ் மரபில் வந்த இயக்குதளங்கள் சில, மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று ஃப்ரீபிஎஸ்டி. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வளர்ந்த யுனிக்ஸ் கிளையிலிருந்து தோன்றி, 1993-இல் தன் முதற்பதிப்பைக் கண்டது. உரிமத் தொகை கேளாதது. ஆதலின் நம்மைப் போன்ற சங்கத்துக்கு ஏற்றது. ஒரு கணினியைப் பலவாக்கிக் காட்டவும், பல கணினிகளை ஒன்றெனச் செயற்படுத்தவும் இதில் வழிகள் உள்ளன. முன்னதை மெய்நிகராக்கம் என்றும், பின்னதைக் கொத்தாக்கம் என்றும் கூறுவர்.

ஒன்று பலவாதலை முதலிற் காண்போம். 1979-இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே, ஒரு நிரலின் பார்வையை ஒரு கோப்பறைக்குள் அடக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் அது கோப்புகளை மறைத்ததேயன்றி வேறொன்றையும் பிரிக்கவில்லை. 2000-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 4.0 பதிப்பில், டென்மார்க் நாட்டவரான போல்-ஹென்னிங் காம்ப் உருவாக்கிய 'ஜெயில்' என்னும் அமைப்பு அக்குறையை நீக்கியது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா! ஒவ்வொரு ஜெயிலுக்கும் தனிக் கோப்பறை, தனிப் பெயர், தனி வலை முகவரி, தனிப் பயனர்கள் உண்டு. அதனுள்ளே தலைமை அதிகாரம் பெற்றவரும் வெளியே கைவைக்க இயலாது.

நம் காலனிக் குவார்ட்டர்ஸை நினைவுகூர்க. அடித்தளம் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, கதவும் பூட்டும் மட்டும் வெவ்வேறு. ஒரு வீட்டார் மற்றொரு வீட்டின் அலமாரியைத் திறக்க முடியாது. ஜெயில்களும் அவ்வாறே 'கெர்னல்' எனும் ஒரே அடித்தளத்தின்மேல் நிற்பன. செலவு குறைவு, நினைவகமும் சிறிதே வேண்டும். ஆனால் அடித்தளம் விரிசல் கண்டால் எல்லா வீடுகளுக்கும் துன்பமே.

இரண்டாம் வழி, 2014-இல் வந்த 10.0 பதிப்பில் சேர்ந்த 'பீஹைவ்'. ஆங்கிலத்தில் தேன்கூடு என ஒலிக்கும் பெயர். இது தனிக் கிணறும் தனி அடித்தளமும் உடைய வீட்டை ஒத்தது. விருந்தினராக வரும் இயக்குதளம் தன் கெர்னலையும் உடன் கொண்டுவரும்; ஆகவே விண்டோஸையும் லினக்ஸையும் உள்ளே குடிவைக்கலாம். ஆனால் ஒவ்வொரு விருந்தினருக்கும் நினைவகத்தைப் பங்கிட்டுத் தரவேண்டும். செயலியிலும் அதற்கான வசதி அமைந்திருக்க வேண்டும். நம்மிடம் உள்ளது 8 ஜிபி நினைவகம். நூலகப் பட்டியல், தமிழ் வகுப்பு, நிதிக் கணக்கு ஆகிய மூன்றுக்கும் மூன்று ஜெயில்களே போதும். வகுப்புப் பிள்ளைகள் பயிலும்போது எதையேனும் அழித்துவிடினும் நிதிக் கணக்கு கெடாது.

எனினும், மூன்று வீடாயினும் கட்டடம் ஒன்றே. வட்டு கெட்டால் மூன்றும் போம். ஆகவே இரண்டாவது கணினி வேண்டும். இங்கேதான் பல ஒன்றாதல் வருகிறது.

கொத்துகள் பலவகை. 1994-இல் அமெரிக்காவின் நாசா கோடார்ட் நிலையத்தில் 16 செயலிகளை இணைத்து 'பியோவுல்ஃப்' என்னும் கொத்தை அமைத்தனர். அதன் நோக்கம் விரைவு. நமக்கு வேண்டுவது விரைவு அன்று. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று எழுந்து நிற்றல். ஃப்ரீபிஎஸ்டியில் இதற்கு 'கார்ப்' என்னும் நெறிமுறை உண்டு. இரு கணினிகளும் ஒரே வலை முகவரியைப் பகிரும். தலைமைக் கணினி நொடிக்கு ஒருமுறை 'உளேன்' என அறிவிக்கும். அக்குரல் நின்றால் துணைக் கணினி முகவரியைத் தான் ஏற்கும். 2010-இல் 8.1 பதிப்பில் வந்த 'ஹாஸ்ட்' என்பது, தலைமை வட்டில் எழுதுவதை வலைவழியே துணை வட்டிலும் உடனுக்குடன் எழுதும்.

ஆனால் ஓர் இடர் உண்டு. இரண்டும் நலமாயிருக்க, இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்தால் யாது நிகழும்? மற்றது இறந்தது எனக் கருதி இரண்டுமே தலைமை ஏற்கும். இரண்டிலும் வெவ்வேறு கணக்கு எழுதப்படும். இதைப் 'பிளவுற்ற மூளை' என்பர். ஹாஸ்ட் இப்பிளவைக் கண்டறிந்து நின்றுவிடும்; எது மெய் என மனிதரே தீர்மானிக்க வேண்டும். இது கற்பனை அன்று. வட்டு பழுதானபின், அலுவலகத்தில் ஒன்றும் வாசகசாலையில் ஒன்றுமாக ஒரு மாதம் நாமே இரு கணக்கு எழுதி, இரு வேறு இருப்பைக் கண்டோம் அல்லவா? ஆம், நம் சங்கத்தின் மூளையும் பிளவுற்றிருந்தது!

இதற்கு மருந்தை ரயில்வே என்றோ கண்டுவிட்டது. ஒற்றைத் தடப் பகுதிகளில் நெடுங்காலம் வழங்கிய டோக்கன் முறையை எண்ணுக. இரு நிலையத்துப் பொறிகளும் பூட்டுண்டு இணைந்திருந்தமையால், ஒரு நேரத்தில் ஒரு டோக்கனே வெளிவரும். அதைக் கையில் பெறாத ஓட்டுநர் அப்பகுதிக்குள் வண்டியைச் செலுத்தார். வண்டிகளைக் காத்தது விரைவு அன்று. உரிமை ஒருவரிடமே என்னும் ஒழுங்கு. கணினிக் கொத்துக்கும் அதுவே உயிர்.

மற்றொன்றும் கூறவேண்டும். உடனுக்குடன் படி எடுப்பது காப்பு ஆகாது. தவறி ஒரு பேரேட்டை அழித்தால், அழிவும் அந்நொடியே படியெடுக்கப்படும். 2008-இல் 7.0 பதிப்பில் சேர்ந்த 'இசட்எஃப்எஸ்' என்னும் கோப்பு முறைமையோ, அவ்வப்போதைய நிலையை அப்படியே நிறுத்திவைக்க வல்லது. பின்னர் மாறியதை மட்டும் மற்றொரு கணினிக்கு அனுப்பும். நேற்றைய கணக்கை இன்றும் திறந்து பார்க்கலாம்.

ஆகவே நாம் முன்மொழிவது இது. நிதிக் கணக்குக்குத் தானே தலைமை மாறும் ஏற்பாடு வேண்டா. மணிக்கு ஒருமுறை நிலைப்படி எடுத்து, வேறு கட்டடத்திலுள்ள இரண்டாம் கணினிக்கு அனுப்புவோம். இடையில் அதிகமாயின் ஒரு மணி நேரப் பதிவு விடுபடும். அதனை ரசீதுப் புத்தகம் ஈடு செய்யும். முதற் கணினி வீழ்ந்தால், செயலாளரும் பொருளாளரும் கூடி அதன் மின்கம்பியைக் கழற்றிய பின்னரே இரண்டாவதில் எழுதத் தொடங்க வேண்டும். அம்மின்கம்பியே நமது டோக்கன். மூன்று திங்களுக்கு ஒருமுறை முதலாவதை வேண்டுமென்றே நிறுத்தி, இரண்டாவதில் கணக்குத் திறக்கிறதா எனச் சோதித்தல் வேண்டும். சோதியாத படி, இல்லாத படியே. இவ்வேலையை இளைஞர் இருவரேனும் கற்றுக்கொள்ளுதல் நன்று. ஒருவரையே நம்பியிருத்தலும் ஒரே வட்டை நம்பியிருத்தல் போன்றதே.

அன்பர்களே! ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து வாழ்கிறோம். துயர் நேர்ந்த வீட்டுக்கு முதலிற் செல்லும் உறவு இச்சங்கமே. அவ்வீட்டார் இனி ஒன்பது நாள் காத்திருத்தல் ஆகாது. அதற்கென ஒரு மாலைப் பொழுதை இக்கணினிகளுக்கு ஒதுக்குமாறு செயற்குழுவை வேண்டி அமைகிறோம்.